பெங்களூரில் முதல் கார்: சுதேசி உணர்வோடு தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்து, சில ஆண்டுகள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் மெட்ரோவிலும் காலம் தள்ளிய பிறகு கார் வாங்க நினைக்கும் தமிழ் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “நம் நாட்டு வண்டியாகப் பார்த்து வாங்கு என்று அப்பா சொல்கிறார். எது நம் நாட்டு வண்டி?” பத்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாயைச் செலவழிக்கப் போகிறவர், அந்தப் பணம் யாரிடம் போய்ச் சேரும் என்று யோசிப்பது மதிக்க வேண்டிய குணம். அதை “பழைய காலத்துப் பேச்சு” என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஷோரூம் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது.

இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தாலே போதும். மைசூரு சாலையில் பிடதியில் டொயோட்டா தொழிற்சாலை இருக்கிறது. பெயர் ஜப்பானுடையது, வேலை செய்பவர்கள் கன்னடர்களும் தமிழர்களும் தெலுங்கர்களும். ஓசகோட்டையில் வால்வோ கார்கள் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டப்படுகின்றன. ஸ்வீடன் நாட்டுப் பெயர் கொண்ட அந்த நிறுவனம் 2010 முதல் சீனாவின் ஜீலி குழுமத்துக்குச் சொந்தம். ஆங்கிலேயப் பெருமையின் சின்னமான ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டும் 2008 முதல் டாடாவுக்குச் சொந்தம். எம்.ஜி. என்பது பழைய பிரிட்டிஷ் பெயர். அதன் இந்திய நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கு சீனாவின் சாய்க் நிறுவனத்திடம், ஒரு பங்கு இந்தியாவின் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்திடம், தொழிற்சாலை குஜராத்தின் ஹாலோலில்.

ஆகவே ஷோரூமுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதல் படி: உங்கள் பற்று எதன் மீது?

ஒரு காரை “நம்முடையது” என்று சொல்ல நான்கு வழிகள் உண்டு. நிறுவனத்தின் உரிமை இந்தியர் கையில் இருக்கலாம். கார் இந்தியாவில் தயாராகியிருக்கலாம். அதை வடிவமைத்த பொறியாளர்கள் இங்கே இருக்கலாம். உதிரி பாகங்கள் இங்கே செய்யப்பட்டிருக்கலாம். நான்கும் ஒரே காரில் முழுமையாகச் சேர்ந்து வருவது மிக அரிது. எது உங்களுக்கு முதன்மை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் புதிதன்று. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஆனால் அந்தக் கம்பெனி ஓட்டிய கப்பல்கள் வெளிநாட்டில் கட்டப்பட்டவை. அந்த நாளில் அத்தகைய நீராவிக் கப்பல் கட்டும் தளம் இந்தியர் கையில் இல்லை. உரிமையும் லாபமும் இந்தியர் கையில் இருப்பதே முதல் தேவை என்று அவர் முடிவு செய்தார். கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதை இரண்டாவதாக வைத்தார். தன் சுதேசியத்தில் எது முதலில், எது பிறகு என்ற தெளிவு அவருக்கு இருந்தது. நமக்கு வேண்டியதும் அந்தத் தெளிவுதான். வரிசை அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் படி: உரிமையாளரைப் பாருங்கள்

டாடா, மஹிந்திரா இரண்டும் இந்திய நிறுவனங்கள். அவற்றின் பங்குகளில் வெளிநாட்டு முதலீட்டு நிதிகளுக்கும் இடம் உண்டு. ஆனால் முடிவெடுப்பது மும்பையில். மாருதி பற்றித்தான் பலருக்கும் தடுமாற்றம். 1981-ல் அரசு நிறுவனமாகப் பிறந்தது மாருதி. 1982-ல் ஜப்பானின் சுசூகியோடு கைகோத்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. 2002-ல் சுசூகி பெரும்பங்கைப் பெற்றது. 2007-ல் அரசு முழுவதுமாக விலகியது. இன்று பாதிக்கும் மேற்பட்ட பங்கு சுசூகியிடம். நம் அப்பாக்களின் மனத்தில் மாருதி இன்னும் அரசாங்க வண்டிதான். அந்த அன்பு உண்மையானது. பங்குக் கணக்கு வேறு.

ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்து 27,870 கோடி ரூபாய் திரட்டியது. தாய் நிறுவனம் தன் கையிலிருந்த பங்குகளை விற்ற வகையில் வந்த பணம் அது. அத்தனையும் கொரியாவுக்குப் போனது. புதிய முதலீடாக இங்கே இறங்கவில்லை. அதற்குப் பிறகும் எண்பது சதவீதத்துக்கு மேல் கொரியர்களிடமே இருக்கிறது. லாப ஈவு தவிர ராயல்டி என்ற பெயரிலும் ஆண்டுதோறும் பணம் வெளியே போகும். மாருதி, ஹூண்டாய் இரண்டின் ஆண்டறிக்கையிலும் அந்தத் தொகை அச்சாகியிருக்கும். உரிமையை முதன்மையாக வைப்பவர் அந்த ஒரு வரியையாவது தேடிப் படிக்க வேண்டும்.

உரிமை ஏன் முக்கியம் என்பதற்கு மறைமலை நகர் சான்று. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் 2022-ல் கடைசிக் கார் வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் வாழ்க்கையைக் கடல் கடந்து இருந்த ஓர் அலுவலகம் தீர்மானித்தது. அதற்கு முன் 2017-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியிருந்தது. இந்த நாட்டைத் தவிரப் போக்கிடம் இல்லாத நிறுவனம், நட்டக் காலத்திலும் இங்கேதான் நின்று போராடியாக வேண்டும். அதற்காக, இந்திய நிறுவனம் என்றால் அழியவே அழியாது என்று நம்பிவிட வேண்டாம். அம்பாசிடர் 2014-ல் நின்றது. பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு கார்களும் அதற்கு முன்பே நின்றுவிட்டன. இத்தனைக்கும் அம்பாசிடரின் மூலம் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பத்மினியின் மூலம் இத்தாலியின் ஃபியட்.

மூன்றாம் படி: தொழிற்சாலையைப் பாருங்கள்

என் வரிசையில் இதுதான் முதலிடம். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: ஸ்ரீபெரும்புதூர். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ வெளிவந்தது. அந்தத் தொழிற்சாலையை ஒட்டிக் கண்ணாடி, இருக்கை, கம்பிச் சுருள், பெயின்ட், லாரிப் போக்குவரத்து என்று எத்தனை தொழில்கள் முளைத்தன என்பதை அந்த வழியாகப் போகிறவர்கள் கண்ணால் பார்க்கலாம். ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் வந்தன. செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன. ஐ.டி.ஐ. முடித்த கிராமத்துப் பிள்ளைக்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கொடுக்கும் தொழிற்சாலையை, அதன் முதலாளி சியோலில் இருக்கிறார் என்பதற்காக அந்நியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் பார்க்கும் கார் எங்கே தயாரானது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பிறகு சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணின் முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை பெரும்பாலும் ‘எம்.ஏ.’ முதல் ‘எம்.இ.’ வரை. எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.1 மஹிந்திரா, எம்.ஏ.டி. (MAT) டாடா, எம்.ஏ.எல். ஹூண்டாய், எம்.பி.ஜே. டொயோட்டா கிர்லோஸ்கர். ‘ஜே’ என்று தொடங்கினால் ஜப்பான், ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி. குஜராத்தில் தயாராகும் சுசூகி ஃபிரான்க்ஸும் ராஜஸ்தானில் தயாராகும் ஹோண்டா எலிவேட்டும் இன்று ஜப்பானுக்கே ஏற்றுமதியாகின்றன. எலிவேட்டுக்கு அங்கே வேறு பெயர். ஜப்பானியர் ஒருவர் தன் நாட்டு நிறுவனத்தின் வண்டி என்று வாங்கினாலும் அதைப் பூட்டியது இந்தியக் கைகள்.

நான்காம் படி: மூளையும் உதிரி பாகமும்

வடிவமைப்பு பற்றிப் பெங்களூரில் இருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெர்சிடிஸ் பென்ஸின் ஆய்வு மையம் 1996 முதல் இங்கே இயங்குகிறது; பாஷ் நிறுவனத்துக்கு ஆடுகோடியில் பெரிய வளாகம் இருக்கிறது. உங்கள் அடுக்குமாடிக் கட்டடத்திலேயே யாராவது ஜெர்மன் காருக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கலாம். மறுபுறம், மஹிந்திராவின் ஆய்வு மையம் செங்கல்பட்டு அருகே இருக்கிறது, ஸ்கார்பியோ-என், எக்ஸ்.யூ.வி.700 போன்ற வண்டிகளின் பின்னால் அங்கே வேலை செய்யும் பொறியாளர்களின் உழைப்பு உண்டு. 2001-ல் ரேவா என்ற சின்ன மின்சாரக் காரை உருவாக்கி விற்றதும் இதே பெங்களூர்தான். மின்சாரக் கார் பரவலாவதற்கு வெகு முன்பே நடந்தது அது. 2010-ல் அந்த நிறுவனத்தை மஹிந்திரா வாங்கியது. இந்த ஊரில் குடியேறுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெருமை இது.

உதிரி பாகக் கணக்கில் வாங்குபவருக்கு உதவி மிகக் குறைவு. அமெரிக்காவில் 1994 முதல், ஒவ்வொரு புதுக் காரிலும் அமெரிக்கா, கனடா நாட்டுப் பாகங்கள் எத்தனை சதவீதம், எஞ்சின் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். நம் ஷோரூம்களில் அப்படி ஒன்று இல்லை. சுதேசி பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் இது வந்தே ஆக வேண்டும். இப்போதைக்குக் கைகொடுப்பது ஒன்றுதான்: 2021-ல் மத்திய அரசு அறிவித்த 25,938 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டத்தில் சலுகை பெற, வண்டியின் மதிப்பில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். முக்கியமாக மின்சார வண்டிகளுக்கும் புதிய தொழில்நுட்பத்துக்குமான திட்டம் அது. நீங்கள் பார்க்கும் மின்சாரக் கார் அந்த 50 சதவீத அளவுக்குச் சான்று பெற்றதா என்று கேட்கலாம்.

இந்திய நிறுவனத்தின் காரிலும் வெளிநாட்டு உறுப்புகள் இருக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். டாடா ஹாரியர், சஃபாரி வண்டிகளின் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சினின் மூலம் ஃபியட். அது மகாராஷ்டிரத்தின் ரஞ்சன்காவ்னில் தயாராகிறது. மின்சாரக் கார்களுக்கான பேட்டரி செல்கள் பெருமளவு சீனாவிலிருந்து வருகின்றன. 2025 ஏப்ரலில் சீனா, மின்மோட்டார்களில் பயன்படும் அரிய மண் தனிமக் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் நிறுவனங்கள் எல்லாமே கவலைப்பட்டன.

ஐந்தாம் படி: பெட்ரோல் கணக்கு

சுதேசி பேசுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. கார் வாங்கும் நாளில் வெளியே போகும் பணத்தை விட, அடுத்த பத்து ஆண்டுகளில் டேங்க் வழியாக வெளியே போகும் பணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும்.

ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம். சில்க் போர்டு சந்திப்பிலும் மாரத்தஹள்ளியிலும் நின்று நின்று போகும் போக்குவரத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் பெரிய எஸ்.யூ.வி. சுமார் 8,300 லிட்டர் குடிக்கும். 20 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய கார் அல்லது ஹைபிரிட் கார் 5,000 லிட்டரில் முடித்துவிடும். வித்தியாசம் 3,300 லிட்டர். இன்றைய பெங்களூர் விலையில் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். எத்தனால் 20 சதவீதம் கலந்தாலும் மீதி பெரும்பாலும் கப்பலில் வந்ததுதான். தனியாக அலுவலகம் போய்வர இந்திய நிறுவனத்தின் கனமான எஸ்.யூ.வி.யை வாங்குவதை விட, பிடதியிலோ ஹரியானாவின் மானேசரிலோ தயாரான சிக்கனமான வண்டியை வாங்குவது நாட்டின் அந்நியச் செலாவணிக்குச் செய்யும் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். கட்டடத்தில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் மின்சாரக் காரையும் கணக்கில் எடுங்கள். செல் இறக்குமதி ஒரு முறை. அதன்பின் ஓடுவது நம் மின்சாரத்தில். பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட சூரிய மின்சாரம் இந்த மாநிலத்திலேயே உற்பத்தியாகிறது.

ஆறாம் படி: பற்றுக்கு ஒரு விலை வையுங்கள்

உங்கள் வரிசைப்படி இரண்டு மூன்று கார்கள் தேறியிருக்கும். சுதேசி என்ற காரணத்துக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று ரூபாயில் எழுதுங்கள். 12 லட்சம் பட்ஜெட்டில் 50,000 வரை என்பது நான் பரிந்துரைக்கும் அளவு. எண்ணாக எழுதிவிட்டால், ஷோரூமில் கொடியைக் காட்டிப் பேசும் விற்பனையாளரிடம் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் இந்தப் பேரத்தில் சேர்க்கக் கூடாது: பாதுகாப்பு. நம் நாட்டு நிறுவனம் என்பதற்காக, மோதல் சோதனையில் குறைந்த நட்சத்திரம் பெற்ற காரில் குழந்தையை உட்கார வைப்பது எந்தப் பற்றும் ஆகாது. இந்த விஷயத்தில் நம் நிறுவனங்களே நல்ல வழியைக் காட்டியிருக்கின்றன. குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் ‘இந்தியத் தயாரிப்பு’ டாடா நெக்ஸான், 2018-ல். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டத்தில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை ஹாரியரும் சஃபாரியும். மாருதியின் டிசையரும் 2024-ல் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரத்தை எட்டியது. நிறுவனத்தின் பெயரை நம்பாதீர்கள். நீங்கள் வாங்கும் அதே மாடலின் முடிவைப் பாருங்கள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக.

ஏழாம் படி: வரியும் பதிவெண்ணும்

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். டீசலுக்கு எல்லை 1500 சி.சி. பெரிய கார்களுக்கு 40, மின்சாரக் கார்களுக்கு 5. அதன் மேல் கர்நாடகத்தின் ஆயுள்கால சாலை வரி. நாட்டிலேயே அதிகமாக வசூலிக்கும் மாநிலங்களில் இதுவும் ஒன்று. பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரையுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு 17 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு. ஆகவே ஷோரூம் விலையைக் கேட்காமல் ஆன் ரோடு விலையைக் கேளுங்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்களில் சிலர் சறுக்குகிறார்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்று அங்கே ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒயிட்ஃபீல்டில் ஓட்டுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு. 47-ஆவது பிரிவின்படி வேறு மாநில வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சுதேசி நிறுவனத்தின் காரை வாங்கி, நாம் ஓட்டும் சாலைக்கான வரியை ஏய்ப்பவர் நாட்டுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. கோரமங்களா, ஜெயநகர், கே.ஆர்.புரம், எலெக்ட்ரானிக் சிட்டி என்று நீங்கள் இருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்யுங்கள். அடிக்கடி மாநிலம் மாறும் வேலை என்றால், 2021-ல் வந்த, மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத பி.எச். வரிசைப் பதிவுக்கு உங்கள் நிறுவனம் தகுதி பெற்றதா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள்; நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் இந்த நகரில் எரிக்கப்பட்டன. அதைப் பார்த்தவர்கள் நாம். எண் பலகையையோ பெயர்ப்பலகையையோ வைத்து ஒருவரின் பற்றை அளப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் கொரியக் கார் வாங்கினால் அவருக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: ஊர்ச் சாலையும் டெலிவரியும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தெற்கே போகப்போகிறவர் நீங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், சொந்த ஊரில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த மாடலின் பாகங்கள் அங்கே கிடைக்கின்றனவா, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கேளுங்கள். வாரன்டி முடிந்த பிறகு பெங்களூரில் உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு இருக்கிறது, சிறிய ஊர்களில் அந்த வசதி இல்லை.

டெலிவரிக்கு முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரான மாதம், ஆண்டு ஆகியவை விற்பனைச் சான்றான படிவம் 21-ல் இருக்கும். வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள். இன்சூரன்ஸை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள், பல ஆயிரம் மிஞ்சும். உயர் பாதுகாப்பு எண் பலகையைப் பொருத்தித் தர வேண்டியது டீலரின் பொறுப்பு. அது பொருத்தப்படும் வரை சாவியை வாங்காதீர்கள்.